நெட் 11-வது யூனிட்: ஆர்.என்.ஏ. பிறந்த கதையில் தண்ணீரைத் தேடுங்கள்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு, லைஃப் சயின்ஸ். மூன்றாவது முயற்சியில் ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆராய்ச்சி உதவித்தொகை, கிடைத்துவிட்டது. நீலகிரியில் எங்கள் ஊர் கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் மெஷின் பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை, அப்புறம் "சாப்பிட்டியா கண்ணு" என்றார். அந்தக் குரல் காதில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பார்ட் ஏ, பி, சி, நெகட்டிவ் மார்க் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது 11-வது யூனிட்டில் எல்லோரும் கடைசி வாரத்தில் ஒரு பக்கம் புரட்டிவிட்டுப் போகும் பகுதியைப் பற்றி: உயிர் மூலக்கூறுகள் எப்படித் தோன்றின, குறிப்பாக ஆர்.என்.ஏ. போன தடவை ஒரு பார்ட் சி கேள்விக்கும் குறைவான மார்க்கில் ஜே.ஆர்.எஃப். போனது. இந்தப் பகுதியில் நான் விட்ட ஒரு கேள்வி சரியாக வந்திருந்தால் கிடைத்திருக்கும். எட்டு மாதம் அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

தப்பு என்னவென்றால், பெயரும் வருடமும் போட்ட அட்டவணையை மனப்பாடம் செய்தேன். ஓபரின் 1924, ஹால்டேன் 1929, மில்லர் 1953, ஆரம்ப உயிர் ஆர்.என்.ஏ.வை வைத்தே இயங்கியது என்ற கருத்துக்கு கில்பர்ட் 'ஆர்.என்.ஏ. உலகம்' என்று பெயர் வைத்தது 1986. நான் படித்த கோச்சிங் நோட்ஸில் அவ்வளவுதான் இருந்தது. ஆனால் ரைபோஸ் என்ற சர்க்கரையும் சைட்டோசின் என்ற பேஸும் (ஆர்.என்.ஏ.வின் நான்கு 'எழுத்து'களில் ஒன்று) தண்ணீரில் தாமாகச் சேர்ந்து நியூக்ளியோசைடு ஆகும் என்ற மாதிரி ஒரு வாக்கியம் வந்தபோது, சர்க்கரை, பேஸ், பாஸ்பேட் என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டு ஒட்டிய நினைவில் 'சரி' என்று போட்டுவிட்டேன். சேராது. சைட்டோசினும், இன்னொரு பேஸான யுராசிலும் ரைபோஸோடு அப்படிச் சேரவே சேராது. பல வருடம் அந்த ஆராய்ச்சி நின்றுபோன இடமே அதுதான்.

அதனால் இந்த முறை ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: இந்தப் படியில் தண்ணீர் என்ன ஆகிறது? பேஸ் சர்க்கரையோடு சேர்ந்தாலும், பாஸ்பேட் ஒட்டினாலும், இந்த மூன்றும் சேர்ந்த நியூக்ளியோடைடுகள் சங்கிலியாகக் கோத்தாலும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே போக வேண்டும். சுற்றிலும் தண்ணீர் நிறைந்திருந்தால் அது போகாது, சேர்ந்ததும் பிரிந்துவிடும். ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக் கொடியில் நாலு நாள் தொங்கினாலும் துணி காய்வதில்லையே, காற்றே ஈரம், அதே நிலைமைதான். ஆனால் தண்ணீரே இல்லாவிட்டால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று சந்திக்கவும் முடியாது. இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் பெயர்கள் தாமாக இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

என் நோட்டில் இருந்தபடியே தருகிறேன்.

- பேஸ்: ஓரோ, ஹைட்ரஜன் சயனைடிலிருந்து (எச்.சி.என்.) அடினின். ஐந்து எச்.சி.என். சேர்ந்தால் அடினினின் வாய்பாடு அப்படியே வந்துவிடும், எண்ணிப் பாருங்கள்.
- சர்க்கரை: புட்லெரோவ், 1861, ஃபார்மோஸ் வினை. ஃபார்மால்டிஹைடிலிருந்து பல சர்க்கரைகள், அதில் ரைபோஸ் கொஞ்சம்தான். அதுவும் நிலைக்காது: நடுநிலை பி.எச்.சில் 100 டிகிரியில் அரை ஆயுள் 73 நிமிடம், 0 டிகிரியில் 44 வருடம். போரேட் இருந்தால் தாங்கும்.
- மில்லர் குடுவையில் கிடைத்தது அமினோ அமிலங்கள். நியூக்ளியோடைடு இல்லை. இதில் ஏமாறாதீர்கள்.

இனி 2009. பவ்னர், ஜெர்லாண்ட், சதர்லாண்ட். இதற்கு மட்டும் நான் மூன்று முழு நாள் கொடுத்தேன், கொடுத்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். பேஸைத் தனியாகவும் சர்க்கரையைத் தனியாகவும் செய்து அப்புறம் சேர்ப்பது என்ற வழியையே அவர்கள் விட்டுவிட்டார்கள். சயனமைடும் கிளைக்கோலால்டிஹைடும் சேர்ந்து 2-அமினோஆக்சசோல் ஆகிறது, அதாவது பாதி சர்க்கரையும் பாதி பேஸும் ஒரே மூலக்கூறில். அதோடு கிளிசரால்டிஹைடு, பிறகு சயனோஅசிட்டிலீன், கடைசியில் பாஸ்பேட். ஒட்டவே முடியாத அந்த இணைப்பு தனி வேலையாக வராமல் வழியிலேயே உருவாகிவிடுகிறது. கடைசியில்தான் மூலக்கூறில் ஏறும் பாஸ்பேட்டை ஆரம்பத்திலிருந்தே கரைசலில் வைத்திருந்தார்கள், முதல் படிகளில் அது பி.எச்.சைப் பிடித்து வைத்து வினையையும் தூண்டியது. புற ஊதா ஒளி வேண்டாத துணைப்பொருள்களை அழித்து, சைட்டோசின் நியூக்ளியோடைடில் ஒரு பங்கை யுராசிலாக மாற்றியது. இதைப் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மற்ற இரண்டு பேஸ்களான பியூரின்களுக்கு (அடினின், குவானின்) ஜெர்மன் வேதியியலாளர் கரெலின் குழுவைப் பாருங்கள். 2019-இல் நனைவதும் காய்வதும் மாறி மாறி வரும் ஒரே சூழலில் நான்கு வகையும் உருவாக முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். காய்வதுதான் இங்கே வேலை செய்கிறது, பாருங்கள்.

சங்கிலி கோப்பதற்கு ஃபெரிஸ், 1996, மான்ட்மோரிலோனைட் களிமண். என் ஹாஸ்டல் அறைத்தோழி கோவில்பட்டிக்காரி. கோடையில் அவர்கள் ஊர்க் கரிசல் கால் நுழையும் அளவுக்குப் பிளக்கும், மழையில் ஊதிக்கொள்ளும் என்பாள். அப்படி ஊதிச் சுருங்க வைப்பதும் இந்த வகைக் களிமண்தான். அதன் அடுக்குகளுக்கு இடையில் நியூக்ளியோடைடுகள் நெருங்கி உட்காருகின்றன. தினமும் கொஞ்சம் புதிதாக ஊட்டிக்கொண்டே வந்தபோது ஏறக்குறைய ஐம்பது அலகு நீளம்வரை வளர்ந்தது. ஆனால் அவை எளிதில் வினைபுரிவதற்காக முன்பே இமிடசோல் என்ற குழுவைக் கட்டித் தூண்டிவிடப்பட்ட நியூக்ளியோடைடுகள். சாதாரண நியூக்ளியோடைடு என்று கேள்வியில் இருந்தால் நின்று யோசியுங்கள்.

உறைவதும் ஒரு வகையில் காய்வதுதான். இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். ஜனவரியில் உறைபனி விழுந்த ஒரு ராத்திரி பீட்ரூட் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி வெளியே வைத்தேன். அப்பா பயிரில் படிந்த பனியைக் கரைக்க விடிவதற்கு முன்னால் தண்ணீர் தெளிக்கக் கிளம்பியபோது நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். மேலே கண்ணாடி போல ஒரு தகடு, அதில் நிறம் வெளுத்திருந்தது, அடியில் உறையாமல் கிடந்த நீரில் சிவப்பு அடர்த்தியாக இருந்தது. பனிக்கட்டி தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடுகிறது, ஒதுங்கியவை நெருங்குகின்றன. இவ்வளவு நாள் வெறும் வரியாகப் படித்தது அன்றைக்குத்தான் புரிந்தது.

ரைபோசைம், அதாவது நொதி போல வேலை செய்யும் ஆர்.என்.ஏ., அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். செக், ஆல்ட்மன், 1989 நோபல். புரதம் செய்யும் ரைபோசோமில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பெப்டைடு இணைப்பைப் போடுவது ஆர்.என்.ஏ.தான். ரைபோசோமின் அமைப்பைக் காட்டியதற்கு 2009-இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன்.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை எல்லாம் 'இப்படி நடக்க முடியும்' என்பதற்கான சான்று. 'இப்படித்தான் நடந்தது' என்று எழுதியிருக்கும் வாக்கியத்தை டிக் செய்யாதீர்கள்.

மற்றது:

- குரூப் ஸ்டடி வேண்டாம். நான் தனியாக, எழுதி எழுதிப் படிப்பவள். பேசிப் படித்தது எதுவும் எனக்குத் தங்கவில்லை.
- தாவர உடலியலைத் தொடவே இல்லை. பார்ட் சி-யில் 75-இல் 25 எழுதினால் போதும், பயப்படாமல் ஒரு யூனிட்டை விடலாம்.
- வினைகளை வெள்ளைத்தாளில் படமாகப் போடுங்கள், எங்கே தண்ணீர் வெளியேறுகிறதோ அங்கே நீல மையில் ஒரு சொட்டு.
- சென்டர் கோயம்புத்தூர் என்றால், அதுவும் மழைக்காலம் என்றால், முந்தின நாளே மலை இறங்கிவிடுங்கள். குன்னூர், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று டிரைவருக்கே தெரியாது. நான் இந்த முறை சித்தி வீட்டில் தங்கி, காலையில் நடந்தே சென்டருக்குப் போனேன்.