பல்லுக்காகக் கடற்பாலம் தாண்டிய பதினான்கு முறை

கீழ்வரிசையில் என் முன்பற்கள் நான்கும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். மேலே இடது பக்கம் ஒரு தெத்துப்பல். பட்டுக்கோட்டையில் நான் வளர்ந்தபோது தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை, அந்தப் பல் எனக்குப் பிடிக்கும். தொந்தரவெல்லாம் கீழ்வரிசையில்தான். பிரஷ் உள்ளே போகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்தாலும் பற்காரை படிந்துவிடும், ஈறில் ரத்தம் கசியும். இப்போது நான் இருக்கும் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் வழக்கமாகப் போகும் பல் மருத்துவர், "இந்த நெருக்கத்தைச் சரி பண்ணாவிட்டால் ஈறு ரொம்ப நாள் தாங்காது" என்று சொன்னபோது எனக்கு 39 வயது.

சிங்கப்பூரில் பல் சீரமைப்பு நிபுணர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். கிளியர் அலைனருக்கு, அதாவது பல்லை மெல்ல நகர்த்தும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தட்டுகளுக்கு, 7,400 சிங்கப்பூர் வெள்ளி என்றார், நகர்ந்த பல் திரும்பிப் போகாமல் பிடிக்கக் கடைசியில் போடும் ரிடெய்னரும் சேர்த்து. அரசு மானியம் தரும் சாஸ் அட்டை பற்காரை எடுக்கவும் சொத்தை அடைக்கவும் உதவும், பல்லை நகர்த்த உதவாது. சம்பளத்திலிருந்து மருத்துவத்துக்கென்று சேரும் மெடிசேவிலிருந்தும் எடுக்க முடியவில்லை, பல்லைப் பொறுத்தவரை அப்போது அது அறுவை சிகிச்சைக்குத்தான். இரண்டு பிள்ளைகளின் டியூஷன் கட்டணம் போக எங்கள் கையில் நிற்பது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர், "போடலாம், பார்த்துக்கலாம்" என்றார். எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் இரவெல்லாம் போனில் தேடல்தான். இன்விசலைன் அலைனரைச் செய்யும் அலைன் நிறுவனம் 1997இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது. அதன் முதல் காப்புரிமைகள் 2017 முதல் காலாவதியாகத் தொடங்கியதும் பல நிறுவனங்கள் உள்ளே வந்தன. முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கி வைத்து, கிளினிக்கிலேயே தட்டு செய்யும் மருத்துவர்களும் வந்துவிட்டார்கள். விலை இறங்கியது அதனால்தான். அதோடு, மருத்துவர் முகத்தையே பார்க்காமல் தபாலில் தட்டு வரும் வியாபாரமும் வளர்ந்தது. நானும் அப்படி ஒரு நிறுவனத்துக்கு ஐந்து போட்டோ எடுத்து அனுப்பினேன். எக்ஸ்ரே கேட்கவில்லை. ஈறைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. மறுநாளே பதில் வந்துவிட்டது: ஆறு மாதம், 2,600 வெள்ளி, இந்த வாரம் கட்டினால் தள்ளுபடி. பணம் கட்டும் பக்கம் வரை போய்விட்டேன். அமெரிக்காவின் ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் ஒரே நாளில் கடையை மூடி, பாதி சிகிச்சையில் இருந்தவர்களை அப்படியே விட்டது அப்போது நினைவுக்கு வந்தது. போனை மூடி வைத்துவிட்டேன்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தஞ்சாவூரில் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். அப்பாவுக்குப் பல் கட்டியவர், வயதானவர். முழுச் சிகிச்சைக்கும் 1,30,000 ரூபாய் சொன்னார், நம் கணக்கில் ஏறக்குறைய 2,100 வெள்ளி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரே தடுத்தார். "தட்டை உனக்குக் கூரியர்ல அனுப்பிடலாம்மா. பல் சொன்னபடி நகரலேன்னா நான்தானே பார்க்கணும்? அதுக்கு நீ இங்க வரணும். ஆறு, எட்டு வாரத்துக்கு ஒரு தடவை வர முடியுமா உன்னால?" முடியாது. திருச்சிக்குப் போக வர டிக்கெட்டே 350, 400 வெள்ளி ஆகும், லீவு வேறு.

நான் கேட்க மறந்த கேள்வி அதுதான். பல் பிடுங்கவோ வேர் சிகிச்சைக்கோ வெளிநாடு போனால் ஒரு வாரம், பத்து நாளில் முடித்துக்கொண்டு திரும்பலாம். அலைனர் அப்படி இல்லை. ஒரு தட்டு பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தள்ளும். எல்லாத் தட்டும் போட்டு முடிக்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் கூட ஆகும். ஆகவே எத்தனை முறை திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்பதைத்தான் முதலில் கணக்குப் போட வேண்டும். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவந்த வெளிநாட்டு ஊர், கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாரு ஒன்றுதான். சிங்கப்பூரின் வடக்கே மார்சிலிங்கில் எங்கள் வீட்டுச் சன்னலில் நின்றாலே அந்த ஊர்க் கட்டடங்கள் தெரியும்.

ஜோகூரில் மூன்று கிளினிக் பார்த்தேன். போகும் முன் மருத்துவர்களின் பெயரை மலேசியப் பல் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டில் தேடிப் பார்த்துக்கொண்டேன். முதல் இரண்டு இடத்திலும் அன்றைக்கே ஸ்கேன் எடுத்து முன்பணம் கட்டச் சொன்னார்கள். மூன்றாவதாகப் பார்த்தவர் ஒரு தமிழ்ப் பெண், பல் சீரமைப்பு நிபுணர். முழு வாய் எக்ஸ்ரே எடுத்தார். சிறு கம்பி ஒன்றால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஈறின் ஆழத்தை அளந்தார். எக்ஸ்ரேயில் கீழ்ப்பற்களைச் சுற்றி எலும்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. "நான் இப்ப ஆரம்பிக்க மாட்டேன் அக்கா. முதல்ல ஈறு" என்றார்.

பல் எலும்பில் நேராகப் புதைந்து நிற்பதில்லை, நடுவில் மெல்லிய நார்ப்படலம் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அவர் படம் வரைந்து காட்டினார். பல்லை விடாமல் மெதுவாகத் தள்ளினால், அழுந்தும் பக்கம் எலும்பு கரையும், விலகும் பக்கம் புது எலும்பு வளரும். ஈறில் வீக்கம் இருக்கும்போது தள்ளினால் கரைவதுதான் அதிகமாகும். போட்டோவை மட்டும் பார்த்து ஆறு மாதம் என்று எனக்குப் பதில் அனுப்பியவர்களை நினைத்து அன்றைக்கு ரொம்பக் கோபம் வந்தது.

2024 பிப்ரவரியிலிருந்து மே வரை ஈறுச் சிகிச்சையும் இரண்டு சொத்தை அடைப்பும். ஜூனில் முதல் தட்டு. பல்லில் பல்லின் நிறத்திலேயே சின்னச் சின்ன மேடுகள் ஒட்டினார்கள், அட்டாச்மென்ட் என்பார்கள். தட்டு பிடித்துத் திருப்ப அவைதான் பிடிமானம். இடம் உண்டாக்கக் கீழ்ப்பற்களின் ஓரத்தை மிகக் கொஞ்சமாகத் தேய்த்தார்கள். மொத்தம் 24 தட்டு, பத்து நாளுக்கு ஒன்று, நாளுக்கு 22 மணி நேரம். சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும் கழற்றலாம். கிளினிக் முடிந்ததும் ராஜமாரியம்மன் கோவிலுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. பிரசாதமாகப் பொங்கல் கொடுத்தால், தட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டு, சாப்பிட்டு, வாய் கொப்பளித்து, மறுபடி மாட்டிக்கொண்டுதான் கிளம்புவேன்.

போய் வருவது எப்போதும் சுலபமாக இருக்கவில்லை. ரயிலில் ஐந்து நிமிடம்தான், டிக்கெட் கிடைப்பதுதான் கஷ்டம். பெரும்பாலும் 950 பேருந்துதான். செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டால் நிம்மதியாகப் போய் வரலாம். ஏழாவது தட்டில் ஒரு அட்டாச்மென்ட் பெயர்ந்துவிட்டது. இங்கே ஒட்டித் தரச் சொல்லி என் பழைய மருத்துவரிடம் கேட்டேன். இன்னொருவர் போட்ட திட்டத்தில் கை வைக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையில் கிளம்பி, ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள அந்தக் கடற்பாலத்தைத் தாண்ட இரண்டரை மணி நேரம் ஆனது. ஒட்ட எடுத்துக்கொண்ட நேரம் பத்து நிமிடம்.

24 தட்டு முடிந்தும் ஒரு கீழ்ப்பல் முழுதாகத் திரும்பவில்லை. மறுபடி ஸ்கேன், இன்னும் ஒன்பது தட்டு. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்று முதல் நாளே எழுதி வாங்கியிருந்தேன். போகிறவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள். ரிடெய்னர் விலை, மேடுகளை எடுக்கும் கூலி இதெல்லாம் சேர்ந்ததா, தனியா என்றும் கேளுங்கள். உங்கள் எக்ஸ்ரே, ஸ்கேன் கோப்பு, சிகிச்சைத் திட்டம் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். நாளைக்கு வேறு ஊருக்கு மாறினால் அதுதான் துணை.

சிகிச்சைக்கு 13,500 ரிங்கிட், மூன்று தவணையில் கட்டினேன், சுமார் 3,850 வெள்ளி. ஈறு, சொத்தைக்கு 200. இரண்டு ஜோடி ரிடெய்னருக்கு 300. பதினான்கு முறை போய் வந்த செலவு 280. மொத்தம் 4,630 வெள்ளி. பேருந்து வசதியும் லீவும் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு வேறாகத்தான் வரும்.

2025 ஜூலையில் முடிந்தது. தெத்துப்பல்லை முழுக்க இறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார். இப்போது கீழே பிரஷ் தடையில்லாமல் போகிறது, ரத்தம் கசிவதில்லை. இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தஞ்சாவூர் மருத்துவரிடம் காட்டினேன். டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா பண்ணியிருக்காங்கம்மா. ராத்திரி ரிடெய்னர் போடுறியா?" என்று மட்டும் கேட்டார். கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் காட்டினேன்.