பிடி அரிசியோட டோர்னக்கல் போயிட்டு வந்தோம்

முதல்ல கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆறு வருஷமா கடனா நின்ன பொருத்தனை, ஆண்டவருக்கு நேந்துக்கிட்டது, இந்த ஜனவரி 6ம் தேதி தெலங்கானாவுல இருக்கிற டோர்னக்கல்ல நிறைவேறிச்சு. அன்னிக்கு பிரசன்னத் திருநாள், சாஸ்திரிகள் குழந்தை இயேசுவப் பாக்க வந்த நாள். எழுத உக்காந்தாலே கண்ணு கலங்குது, முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

2019ல என் சின்னவனுக்கு டெங்கு வந்துச்சு. ப்ளேட்லெட் 18 ஆயிரத்துக்கு இறங்கிட்டு. டாக்டர் எங்ககிட்ட நேரா மூஞ்சியப் பாத்துப் பேசல. நானும் என் வீட்டுக்காரரும் ஐசியு வாசல்ல தரையில உக்காந்துட்டோம், என்ன ஜெபம் பண்றதுன்னே தெரியல. அம்மா மட்டும் நின்னுட்டே இருந்தாங்க. விடியக்காலைல என் தோளத் தொட்டு "ஏட்டி, பிள்ளை பிழைச்சிருவான், நான் ஆண்டவர்கிட்ட பேசிட்டேன், இவன் எந்திரிச்சா என் கையாலயே ஒரு படி பிடி அரிசி எடுத்துட்டு டோர்னக்கலுக்குப் போயி வைக்கேன்னு சொல்லிட்டேன்"னாங்க. மூணாம் நாள் அவன் இட்லி கேட்டான். அப்புறம் கொரோனா, அப்புறம் அம்மாவுக்கு முட்டு ஆபரேஷன், ஒவ்வொரு வருஷமும் தள்ளித் தள்ளிப் போச்சு. அம்மாவுக்கு இப்ப 76. போன கிறிஸ்துமஸுக்கு "என்ன கடனோட அனுப்பிராதீங்க பிள்ளைகளா"ன்னு சொன்னாங்க பாருங்க, அன்னிக்கே டிக்கெட் போட்டேன்.

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு பிடி அரிசின்னா விளக்க வேண்டாம். எங்க அம்மா பிறந்தது மெஞ்ஞானபுரம் பக்கம், வீட்டுல இருந்து பாத்தாலே கோயில் கோபுரம் தெரியும். உலை கொதிக்கும்போது அரிசியக் களையுறதுக்கு முன்னாடி ஒரு பிடி எடுத்து தனிப் பானையில போட்டுருவாங்க. வீட்டுல அரிசி இருந்தாலும் போடுவாங்க, பத்தலன்னாலும் போடுவாங்க. எங்க அப்பா வேலையில்லாம இருந்த ஒரு வருஷம் ராத்திரி கஞ்சிதான், அந்தக் கஞ்சிக்கு எடுத்த அரிசியிலயும் அந்தப் பிடி போச்சு. ஞாயித்துக்கிழமை ஓலைப்பெட்டியில வச்சு ஆலயத்துக்குக் கொண்டு போவோம், அத ஏலம் விட்டு காச மிஷனெரி ஊழியத்துக்கு அனுப்புவாங்க. சின்னப் பிள்ளைல "யாருக்கும்மா இந்த அரிசி"ன்னு கேப்பேன், "டோர்னக்கலுக்கு"ம்பாங்க. டோர்னக்கல்னா பசியோட உக்காந்திருக்கிற ஒரு ஆளுன்னே ரொம்ப நாள் நெனச்சிட்டிருந்தேன்.

எங்க ஆச்சி சொல்லி அம்மா சொல்லி எனக்கு வந்த கதை இது. நம்ம வெள்ளாளன்விளையில 1874ல பிறந்தவர் அசரியா, அவங்க அப்பா தாமஸ் வேதநாயகம் ஐயர் குருவானவர். வாலிபத்துல ஒய்எம்சிஏங்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக்கு செக்ரட்டரியா ஊர் ஊரா சுத்தினவர், 1902ல யாழ்ப்பாணம் போன இடத்துல அங்கத்த தமிழ் கிறிஸ்தவங்க தங்க கைக்காசுல மிஷனெரி அனுப்புறதப் பாத்துட்டு, நம்ம திருநெல்வேலி சபைக்கு வெள்ளைக்காரன் சுவிசேஷம் கொண்டாந்து இத்தன வருஷம் ஆச்சே, நாம யாருக்கு கொண்டு போனோம்னு கலங்கிட்டார். அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரி 12ம் தேதி பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சுட்டு. இந்திய ஆளு, இந்தியக் காசு, இந்திய நிர்வாகம், இதுதான் அவங்க வச்ச சட்டம். அந்தக் காசு எங்க இருந்து வந்துச்சு, எங்க ஆச்சி மாதிரி பொம்பளைங்க உலை அரிசியில இருந்து வந்துச்சு. இத நான் பெருமைக்குச் சொல்லல, நெஞ்சு நெறஞ்சு சொல்றேன். அனுப்பின இடம்தான் நிஜாம் ராஜ்யத்துல கெடந்த டோர்னக்கல்.

அடுத்தவங்களப் போகச் சொல்லிட்டு அவர் வீட்டுல இருக்கல. 1909ல குருப்பட்டம் வாங்கிட்டு, செக்ரட்டரி வேலைய விட்டுட்டு, அவரே பொண்டாட்டி பிள்ளைகளோட அங்க போய் தெலுங்கு படிச்சு மாட்டு வண்டியில கிராமம் கிராமமா போனார். அன்பு மரியம்மாள்தான் அவங்க வீட்டம்மா. வரதட்சணை கிடையாது, கல்யாணச் செலவு 40 ரூபாய்க்குள்ளன்னு அம்மா இன்னிக்கும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சொல்லுவாங்க. 1912 டிசம்பர் 29ம் தேதி கல்கத்தா செயின்ட் பால்ஸ் கதீட்ரல்ல அவர அத்தியட்சரா, அதாவது பிஷப்பா அபிஷேகம் பண்ணினாங்க, உலகம் பூரா இருக்கிற ஆங்கிலிக்கன் சபையிலயே, அதாவது இங்கிலாந்து சபை வழி வந்த சபைகள்லயே முதல் இந்திய அத்தியட்சர் நம்ம தேரிக்காட்டு மண்ணுல பிறந்தவர். இங்கிலாந்து சபைக்காரங்க இன்னிக்கும் ஜனவரி 2ம் தேதி அவர நினைச்சு ஜெபிக்கிறாங்க. நம்ம பிள்ளைகள்ல எத்தன பேருக்குத் தெரியும்னு நெனச்சா வருத்தமா இருக்கு.

பயணத்தச் சொல்லணும். சென்னை வரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல, அங்க இருந்து விஜயவாடாவும் நல்லாத்தான் போனோம். அங்க இறங்கி பாசஞ்சர் பிடிக்கணும். பிளாட்பாரத்துலயே ஒருத்தன் ஒட்டிக்கிட்டான், அரைகுறைத் தமிழ்ல "டோர்னக்கல் ட்ரெயின் இன்னிக்கு கேன்சல் அம்மா, கார் இருக்கு, 4500 ரூபாய்"ங்கான். அம்மாவ ஒரு பெஞ்சுல உக்கார வச்சுட்டு நான் போய் விசாரிச்சா ட்ரெயின் சரியா ஓடுது. திரும்பி வந்தா அதுக்குள்ள அம்மா பைய அவன் கையில தூக்கி வச்சிருக்கான். வயசானவங்கன்னு தெரிஞ்சும் ஏமாத்தப் பாக்குற இந்த ஆளுகளுக்கு ஆண்டவர்தான் நல்ல மனசு குடுக்கணும். பைய வாங்கிட்டு வந்துட்டோம். அந்தப் பையிலதான் அரிசி இருந்துச்சு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல, துணி சுத்தி.

பாசஞ்சர்ல நிக்கக்கூட எடமில்ல. மிளகாய் மூட்டை, பஞ்சு மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைக, ஆடு ஒண்ணு. கார நெடியில எல்லாருக்கும் தும்மல். மதிரா தாண்டுற வரைக்கும் அம்மா கம்பியப் பிடிச்சுட்டு நின்னாங்க, முட்டு நடுங்குறது எனக்குத் தெரியுது, யாரும் அசையல. எனக்கு உள்ளுக்குள்ள அழுகை, ஏன்டா கூட்டிட்டு வந்தோம்னு இருந்துச்சு. அப்போ கீழ மூட்டை மேல உக்காந்திருந்த ஒரு பையன், பதினஞ்சு வயசுகூட இருக்காது, எந்திரிச்சு மூட்டையத் தட்டிக் காட்டினான். அம்மா டோர்னக்கல் வரைக்கும் மிளகாய் மூட்டை மேலதான் வந்தாங்க. இறங்கும்போது அவன் தலையில கை வச்சு தமிழ்லயே ஆசீர்வதிச்சாங்க, அவனும் குனிஞ்சு வாங்கிக்கிட்டான்.

அன்னிக்கு ராத்திரி தங்கிட்டு மறுநாள் காலையில ஆலயம். எபிபனி கதீட்ரல், அதாவது பிரசன்னத் திருநாள் பேர்ல உள்ள பேராலயம், 1939 ஜனவரி 6 அன்னிக்கு பிரதிஷ்டை பண்ணினது, அதனாலதான் அம்மா அந்தத் தேதியவே கேட்டாங்க. நம்ம மெஞ்ஞானபுரம் மாதிரி ஊசிக் கோபுரத்த எதிர்பாத்துப் போனேன். அங்க மேல கும்மட்டம், மூலைக்கு மினார் மாதிரி தூபிக, உள்ள நம்ம ஊர்க் கோயில் மண்டபத்துல நிக்குற மாதிரி கல்தூண்கள். இங்கிலாந்துல இருந்து பிடுங்கி நட்ட மாதிரி இருக்கக்கூடாது, இந்த மண்ணுல முளைச்ச மாதிரி இருக்கணும்னு அசரியா வருஷக்கணக்கா பாடுபட்டுக் கட்டினது. அம்மா செருப்பக் கழட்டிட்டு ஒரு தூணத் தடவிப் பாத்தாங்க. "நம்ம அரிசியும் இதுல இருக்கும்ட்டி"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

கூட்டம்னா அப்படிக் கூட்டம். போட்டோ எடுக்கிறவங்க ஆல்டர் வரைக்கும் போய் முதுகக் காட்டிட்டு செல்ஃபி எடுக்கிறாங்க, அது மட்டும் மனசுக்குச் சங்கடமா இருந்துச்சு. ஆராதனை தெலுங்குல. ஆனா ஒரு இடத்துலயும் நாங்க வழி தப்பல, ஏன்னா முறை ஒண்ணுதான், எங்க எந்திரிக்கணும், எங்க முழங்கால் போடணும், எங்க பதில் சொல்லணும்னு உடம்புக்கே தெரியும். "பரலோகமந்துன்ன மா தண்ட்ரி"ன்னு அவங்க ஆரம்பிச்சப்போ அம்மா கண்ண மூடி "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே"ன்னு சத்தமாவே சொன்னாங்க, ரெண்டும் ஒண்ணா முடிஞ்சுச்சு. திருவிருந்துக்கு யாரு எவருன்னு இல்லாம ஒரே வரிசையில முழங்கால் போட்டாங்க. அந்த ஊர்ல மாலா, மாதிகான்னு ரெண்டு தலித் ஜனமும் ஒருத்தர் கையால ஒருத்தர் தண்ணி வாங்காத காலத்துல அவங்கள ஒரே பந்தியில, ஒரே பாத்திரத்துல சேத்தவர் அசரியா. நம்ம ஊர்ல நாம இன்னும் சபைய நிர்வாகம் பண்ற சேகரக் கமிட்டிக்கு ஓட்டுப் போடும்போது சொந்தக்காரனா, நம்ம ஆளான்னுதான் பாக்கோம். முழங்கால்ல இருந்தப்போ அதுக்காக மன்னிப்புக் கேட்டேன், உண்மையாவே கேட்டேன்.

ஆராதனை முடிஞ்சு அவர் கல்லறைக்குப் போனோம். 1945 ஜனவரி 1ம் தேதி, தன் ஜனங்களோட அந்த ஊர்லயே உயிர விட்டவர். பிரிஞ்சு கிடந்த சபைகள் ஒண்ணாச் சேந்த தென்னிந்தியத் திருச்சபைக்காக 1919 தரங்கம்பாடிக் கூட்டத்துல இருந்து பாடுபட்டவர், அது பிறந்த 1947 செப்டம்பரப் பாக்க அவர் இல்ல. எடின்பரோல 1910 மிஷனெரி மாநாட்டுல அத்தன வெள்ளைக்காரங்க முன்னாடி நின்னு, நீங்க உங்க ஆஸ்திய ஏழைகளுக்குக் குடுத்தீங்க, உங்க சரீரத்தையே சுட்டெரிக்கக் குடுத்தீங்க, நாங்க அன்பையும் கேக்கோம், எங்களுக்கு நண்பர்களத் தாங்கன்னு கேட்ட மனுஷன். அப்ப அவருக்கு 35 வயசு. அதெல்லாம் வாசிச்சு தெரிஞ்சதுதான், ஆனா அங்க நின்னப்போ எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வரல, எங்க அம்மா கைய மட்டும்தான் பாத்துட்டிருந்தேன்.

முழங்கால் போட முடியல அம்மாவுக்கு. நின்னபடியே வலது கைய எடுத்து தன் தலை மேலயே வச்சாங்க. அசரியா ஞானஸ்நானம் வாங்குறவங்கள அப்படித்தான் செய்யச் சொல்லுவாராம், அவனவன் தலையில அவனவன் கைய வச்சு சொல்லணுமாம். "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ." அம்மா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாங்க, மேடை ஏறினதில்ல, ஒரு நாளும் பிரசங்கம் பண்ணினதில்ல. குரல் உடைஞ்சு போச்சு. அந்தக் கையில நரம்பு பொடைச்சு, உலை மூடி சுட்ட பழைய தழும்பு, நகக்கண்ணுல ட்ரெயின்ல பட்ட மிளகாய்ப் பொடி. எனக்கு ஐசியு வாசல்ல நின்ன அம்மா ஞாபகம் வந்துட்டு, தேம்பித் தேம்பி அழுதேன். என் மகன் உயிரோட இருக்கான் ஆண்டவரே, பதினொண்ணாங் கிளாஸ் படிக்கான், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

பக்கத்துல வெள்ளச் சீல கட்டின ஒரு பாட்டி, அம்மா வயசுதான் இருக்கும், எங்களையே பாத்துட்டு நின்னாங்க. அவங்களும் தலையில கைய வச்சாங்க. தெலுங்குல சொன்னாங்க, எனக்கு "அய்யோ"வும் "சுவார்த்த"யும் மட்டும் புரிஞ்சுச்சு, போதும்ல. அப்புறம் அம்மா துணிய அவுத்து பாட்டில எடுத்து, ஒரு பிடி கையில அள்ளினதும் அந்தப் பாட்டி முகம் மாறிட்டு. "பிடிகெடு பிய்யம்!"னாங்க. பிடிகெடுன்னா பிடி, பிய்யம்னா அரிசி. தன் வாயில விரல வச்சுக் காட்டி, அடுப்பு ஊதுற மாதிரி காட்டி, மடியில முடிஞ்சு வைக்கிற மாதிரி காட்டி, தன் நெஞ்சுல தட்டிக்கிட்டாங்க, நானும் வைப்பேன்னு. அம்மாவுக்குப் புரிஞ்சிட்டு. பாட்டில அவங்க பக்கம் நீட்டினாங்க. அந்தப் பாட்டி ஒரு பிடி எடுத்து கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. ரெண்டு பேரும் கையப் பிடிச்சுட்டு ஆலயத்துக்குள்ள திரும்பப் போய் காணிக்கைத் தட்டுல ஒண்ணா வச்சாங்க. மிச்ச அரிசியையும் அங்க இருந்த கோயில்பிள்ளை, ஆலய வேலைகளப் பாக்குறவர், ஒரு பாத்திரத்துல வாங்கி வச்சுக்கிட்டார். ஒரு படி அரிசி அவ்வளவுதான், ஆனா சாஸ்திரிகள் தங்க பொக்கிஷத்தத் திறந்தப்போ இப்படித்தான் நின்னிருப்பாங்கன்னு எனக்குப் பட்டுச்சு.

போற வழியில எவ்வளவோ கஷ்டம், வந்த வழியில ஒண்ணும் தெரியல, எப்படி வந்தோம்னே ஞாபகம் இல்ல. அம்மா அந்தக் காலி பாட்டில மடியிலயே வச்சுட்டுத் தூங்கினாங்க.

அந்தப் பாட்டியோட பேரன் எங்க நம்பர வாங்கியிருந்தான். போன ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் வந்துச்சு, ஸ்பீக்கர்ல போட்டேன். அந்தப் பக்கம் "வந்தனாலு, வந்தனாலு"ன்னு சத்தம், இந்தப் பக்கம் அம்மா "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்"னு கத்துறாங்க. அப்புறம் அந்தம்மா தெலுங்குல நிறுத்தாம ஏதோ சொல்லிட்டே போறாங்க, அம்மாவும் விடாம "ஆமா, நல்லாருக்கேன், முட்டு பரவால்ல, நீ சாப்ட்டியா"ங்காங்க. பத்து நிமிஷம் பேசினாங்க. வச்சதும் "என்னம்மா சொன்னாங்க"ன்னு கேட்டேன். "அவளுக்கும் முட்டு வலிதானாம்"னு சொல்லிட்டு உலை கொதிக்குதான்னு பாக்கப் போயிட்டாங்க.