எல்லையோர ஊரிலிருந்து நர்சிங் படிப்பைத் தேர்ந்தெடுப்பது

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் பிளஸ் டூ முடிவுகள் வந்தவுடன், தமிழ் வழியில் படித்த பெண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் பேச்சு நர்சிங் பக்கம் திரும்பிவிடும். ஒருபுறம் பாலக்காடு, மறுபுறம் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் இருப்பதால், எந்தக் கல்லூரிக்கு நேர்ப் பேருந்து உண்டு என்பதிலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. என் அக்கா மகளுக்காக விசாரித்தபோது, படித்து முடித்தவுடன் அவள் பெயர் எந்த மாநில நர்சிங் கவுன்சிலின் (நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவேட்டில், என்ன தகுதியுடன் ஏறும் என்பதையே நாங்கள் முதலில் கேட்டோம்.

பதிவு தரும் படிப்புகள் முக்கியமாக மூன்று. ஏஎன்எம் (துணைச் செவிலியர், மகப்பேறு உதவிப் படிப்பு) 2 ஆண்டுகள்; எந்தப் பாடப்பிரிவில் பிளஸ் டூ தேறியவரும் சேரலாம். கேரளத்தில் ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ், தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் ஆகிய வேலைகளுக்கான படிப்பு இதுதான். ஜிஎன்எம் (பொதுச் செவிலியம், மகப்பேறு பார்த்தல் டிப்ளமோ) 3 ஆண்டுகள், பிஎஸ்சி நர்சிங் 4 ஆண்டுகள். பின்னதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். வணிகவியல் பிரிவில் படித்த பெண்ணுக்கு ஜிஎன்எம் வழி மூடப்படவில்லை என்பதும், பின்னாளில் 2 ஆண்டுகள் போஸ்ட் பேசிக் பிஎஸ்சி நர்சிங் படித்து அவள் பட்டம் பெறலாம் என்பதும் எங்கள் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை.

இவற்றுக்கு வெளியே, ‘ஒரு வருட நர்சிங்’ என்று சுவரொட்டியில் வரும் படிப்புகள் நர்சிங் அசிஸ்டென்ட் அல்லது ஹோம் நர்ஸ் வேலைக்கானவை. அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. உடனே சம்பளம் தேவைப்படும் வீட்டுக்கு அது உதவும். ஆனால் அந்தச் சான்றிதழால் கவுன்சிலில் பதிய முடியாது. பதிவு பெற்ற நர்ஸ் கேட்கும் அரசு வேலைக்கும் வெளிநாட்டு வேலைக்கும் அது செல்லாது. இதைச் சேர்க்கும்போதே சொல்லாமல் கட்டணம் வாங்குகிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

அடுத்து நாங்கள் பார்த்தது மருத்துவமனை. ஜிஎன்எம் பள்ளிக்குக் குறைந்தது 100 படுக்கைகள் கொண்ட தாய் மருத்துவமனை (பள்ளியோடு இணைந்த சொந்த மருத்துவமனை) வேண்டும் என்றும், பயிற்சியில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற விகிதம் இருக்க வேண்டும் என்றும் இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ளது. காகிதத்தில் எல்லோரிடமும் 100 படுக்கைகள் இருக்கும். அவற்றில் ஆள் படுத்திருக்கிறார்களா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். நாங்கள் சென்ற ஓர் இடத்தில் ஆய்வகத்தையும் விடுதியையும் ஆர்வமாகக் காட்டினார்கள். பிரசவப் பயிற்சிக்கு எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டபோது மட்டும் பதில் நழுவியது. பிரசவம் பார்க்காமல் மிட்வைஃப் (மகப்பேறு பார்ப்பவர்) என்று எப்படிப் பதிவது? அலுவலகத்தில் கேட்பதைவிட, மதிய உணவு நேரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் தனியே கேட்பது நல்லது. இரவுப் பணியில் உடன் யார் இருப்பார்கள், மருத்துவமனையில் ஆள் குறைந்தால் வகுப்பை நிறுத்தி வார்டுக்கு அனுப்புவார்களா என்பதை அவர்கள் மறைக்காமல் சொல்வார்கள்.

மொழியைப் பொறுத்தவரை, பாடம் இரு பக்கமும் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு உடற்கூறியல் முதலில் சற்று மிரட்டும். நோயாளியிடம் மலையாளத்திலும் பேச எங்கள் பிள்ளைகளுக்கு வரும் என்பதால் அதற்காகப் பாலக்காட்டைத் தவிர்க்க வேண்டியதில்லை.

அரசு இடங்களில்தான் எல்லைக்கோடு உறைக்கிறது. வீட்டில் பேசுவது தமிழானாலும் ரேஷன் கார்டு கேரளத்துடையது என்பதால், தமிழ்நாட்டின் அரசு ஒதுக்கீட்டை நம்பிக் காத்திருக்காமல், கேரள அரசு நர்சிங் பள்ளிகளுக்கான அறிவிப்பு வந்தவுடன் விண்ணப்பித்துவிட வேண்டும். கோயம்புத்தூரில் தனியார் கல்லூரியில் படித்தால் முதல் பதிவு தமிழ்நாட்டுக் கவுன்சிலில் நடக்கும். பிறகு பாலக்காட்டில் வேலை செய்யக் கேரளக் கவுன்சிலிலும் பதிய வேண்டும். அதற்கு அசல் சான்றிதழ்கள் கையில் இருக்க வேண்டும் என்பதால், அவற்றைக் கல்லூரி எப்போது திருப்பித் தரும் என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.