ஓய்வுக்கு எவ்வளவு? மலேசியாவின் பிறை ஊரிலிருந்து ஒரு கணக்கு நோட்டு

ஜனவரி 4, 2026, ஞாயிறு

அடுத்த வருடம் எனக்கு 55. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை மொத்தமாக எடுக்கலாம் என்று சட்டம் சொல்லும் வயது. எனக்கு மறந்தாலும் சொந்தபந்தத்துக்கு மறக்காது. கொழுந்தனார் இப்போதே ஆரம்பித்துவிட்டார்: "அண்ணி, பேரா பக்கம் ஒரு நிலம் வருது. விட்டா கிடைக்காது." சிரித்து வைத்தேன். எங்கள் இருவருக்கும் கடைசி வரை எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் நிலத்துக்கு எங்கே போவது? கணக்கைப் போட்டுப் பார்த்துவிட முடிவு. நடக்க நடக்க இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 8, வியாழன்

காலையில் ஃபெரியில் உட்கார்ந்து இபிஎஃப் சொல்லும் தொகைகளைப் பார்த்தேன். பழைய இலக்கு 2,40,000 வெள்ளி (ரிங்கிட்). அது 55 வயதுக்கு. மாதம் 1,000 வீதம் 20 வருடம், அவ்வளவுதான். இந்த மாதத்திலிருந்து 60 வயதுக்கு மூன்று படிகள்: அடிப்படைக்கு 3,90,000, போதுமானது என்றால் 6,50,000, தாராளம் என்றால் 13 லட்சம்.

நடுப்படி எங்கிருந்து வந்தது என்று தேடினால் மாதம் 2,690 வெள்ளி. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியாக வாழும் முதியவரின் மாதச் செலவாக, மலாயா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இபிஎஃப் வெளியிடும் பெலஞ்சாவான்கு கையேடு சொல்வது அது. 20 வருடத்துக்குப் பெருக்கினால் 6,45,600. புரிந்தது. ஆனால் நாங்கள் தனி ஆள் இல்லை, இருப்பது கிள்ளான் பள்ளத்தாக்கும் இல்லை. என் அம்மா 87 வயது வரை இருந்தார். 80 வயதோடு முடிகிற கணக்கை நம்பி நான் எப்படி உட்காருவது?

ஜனவரி 11, ஞாயிறு

மேலிருந்து வரும் தொகையை விட்டுவிட்டு அடுப்படியிலிருந்து தொடங்கினேன். மூன்று மாத ரசீதுகளை மேசையில் பரப்பியதும் என் வீட்டுக்காரர் கேட்டார், "என்ன, வருமான வரிக்காரன் வர்றானா?"

மளிகை, மீன், காய்கறி 900. தண்ணீர், கரண்ட், கேஸ், போன், இணையம் 380. பெட்ரோல் 250. மருந்து மாத்திரை 150. கோயில், மொய் 200. வெளியே பசியாறுவது, தாபாவ் (பார்சல்) 300. ஆக 2,180. வீட்டுக் கடன் 640 தனி. அது 2028 தொடக்கத்தில் முடிந்துவிடும், அதனால் ஓய்வுக் கணக்கில் சேர்க்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை. இது மாதாமாதம் தானாக வந்து நிற்கிற செலவு மட்டும்.

ஜனவரி 17, சனி

எதிர்பார்த்த மாதிரியே ஆனது. வருடத்துக்கு ஒருமுறை வந்து விழும் செலவுகளை எடுத்தேன். கார் இன்சூரன்ஸ், ரோட் டேக்ஸ் 1,100. மதிப்பீட்டு வரி, நிலவரி 400. டயர், பேட்டரி என்று கார் ரிப்பேர் 1,800. வீட்டு ரிப்பேர் 2,400 (போன வருடம் கூரை ஒழுகியதற்கு மட்டும் இதைவிட அதிகம்). தீபாவளி, பொங்கல், தைப்பூசம் 3,000. ரதத்துக்கு முன்னால் உடைக்கிற தேங்காயும் இதில் அடக்கம். அதைக் குறைப்போமா என்று கேட்டேன். பதிலே வரவில்லை.

அப்புறம் மருத்துவ இன்சூரன்ஸ். இருவருக்கும் சேர்த்து 7,200. வருடச் செலவு மொத்தம் 15,900, மாதத்துக்குப் பிரித்தால் 1,325. இரண்டையும் கூட்டினால் 3,505. மாதச் செலவு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் இன்னொரு பாதிக்கு மேல் ஒளிந்திருக்கிறது.

என்னை உறுத்துவது அந்த 7,200தான். அரிசி விலை ஏறினால் அரிசியை மாற்றலாம். இன்சூரன்ஸில் வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும், அது போக மருத்துவச் செலவு கூடினது என்று தனியாக ஒரு ஏற்றம். 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, இந்த ஏற்றத்தைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பரப்ப வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு வருடத்துக்கு 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றது. அந்த ஏற்பாடு 2026 முடியும் வரைதான். வருடம் 7 விழுக்காடு ஏறினாலே பத்து வருடத்தில் இரட்டிப்பு. எனக்கு 70 ஆகும்போது என்ன கேட்பார்கள்? அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கலாம், நானும் பார்க்கிறேன். ஆனால் அறுவை சிகிச்சைக்கு வரிசையில் நிற்கும் பொறுமை வலி வரும்போது இருக்குமா? இந்த வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

ஜனவரி 24, சனி

பெருக்கல் நாள். மாதம் 3,500 என்றால் வருடம் 42,000. 60 முதல் 85 வரை 25 வருடம். இபிஎஃப் ஈவுத்தொகையும் விலைவாசியும் சமமாக ஓடினால் நேராக 25ஆல் பெருக்க வேண்டியதுதான்: 10,50,000. ஈவுத்தொகை விலைவாசியை 2 விழுக்காடு முந்தினால், இன்றைய மதிப்பில் 8,36,000 போதும். கடந்த வருடங்களில் 2022இல் 5.35, 2023இல் 5.50, 2024இல் 6.30 கொடுத்தார்கள். ஆனால் மரபு வழிச் (ஷரியா முறை அல்லாத) சேமிப்புக்குச் சட்டம் உத்தரவாதம் தருவது வெறும் 2.5. அதனால் ஓய்வுக்குப் பிறகு 2 முந்தும் என்பதற்கு மேல் ஆசைப்படவில்லை.

இப்போது கையில் உள்ளது. என் கணக்கில் 3,10,000. சம்பளம் 5,200, என் 11, முதலாளியின் 12 விழுக்காடு சேர்ந்து மாதம் 1,196 போகிறது. கடன் முடிந்ததும் அந்த 640ஐயும் நானே போட்டு வந்தால், 5.5 ஈவுத்தொகையில் 60 வயதில் 5,59,000 தேறும். விலைவாசி வருடம் 3 என்று கழித்தால் இன்றைய மதிப்பில் 4,68,000.

பள்ளம் 3,68,000.

நோட்டை மூடிவிட்டு மீன் கழுவப் போய்விட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

அவரிடம் காட்டினேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், இபிஎஃப்பில் அவர் பேரில் 18,000 வெள்ளிதான். அதை அவசரத்துக்கு என்று கணக்கில் சேர்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஓரத்தில் "தம்பி – 500" என்று எழுதினார். மகன் மாதாமாதம் தருவான் என்று. அடித்துவிட்டேன். அவன் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். அவனுக்கே வீடு, பிள்ளை என்று வரப்போகிறது. அதை நம் வருமானமாக எழுதி வைத்தால், தராத மாதம் அவன் கடன்காரன் ஆகிவிடுவான்.

"சரி, நான் 68 வரைக்கும் வேன் ஓட்டுறேன்" என்றார். செலவு போக மாதம் 1,500 நின்றால், எனக்கு 60 ஆன பிறகு ஐந்து வருடத்தில் 90,000. மாடி அறையை 500க்கு வாடகைக்கு விட்டால் 25 வருடத்துக்கு இன்றைய மதிப்பில் 1,19,000. நான் 63 வரை வேலையில் இருந்து சம்பளத்தில் குடும்பம் ஓடினால், மூன்று வருடச் செலவு 1,26,000 மிச்சம். இன்னும் 33,000 இடிக்கிறது, பரவாயில்லை. ஆனால் மூன்றுமே "நடந்தால்" என்ற வார்த்தையில் தொங்குகிறது. அவருடைய முட்டி, என் முதலாளியின் மனசு, யாரோ ஒரு வாடகைக்காரர்.

பிப்ரவரி 2, திங்கள்

தைப்பூசம் நேற்று முடிந்தது. தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறியதில் கால் இன்னும் வலிக்கிறது. அதனால் இன்று லீவு, கணக்கு.

ஒன்று உறுதி. 55இல் அந்தப் பணத்தைத் தொடப்போவதில்லை. எடுக்காமல் விட்டால் ஈவுத்தொகை வந்துகொண்டே இருக்கும், 100 வயது வரை. 55க்குப் பிறகு சம்பளத்திலிருந்து போவது அக்காவுன் எமாஸ் என்ற தனிக் கணக்கில் விழும். அதை 60க்கு முன் நானே நினைத்தாலும் எடுக்க முடியாது. நல்லதுதான். கொழுந்தனாரிடம் சொல்லிவிட்டேன். "யோசிச்சு சொல்லுங்க அண்ணி" என்றார். யோசித்துத்தான் சொன்னேன்.

அடுத்து, என் வீட்டுக்காரருக்கு ஐ-சாரான். சொந்தத் தொழில்காரர்கள் தாங்களாகப் போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது, வருடத்துக்கு அதிகபட்சம் 500. அதாவது 2,500 போட்டால் முழு 500ம் கிடைக்கும். "ஐநூறு ஒரு டயருக்குத்தான் காணும்" என்று முனகினார். அந்த டயரை வேறு யார் சும்மா தருகிறார்கள் என்று கேட்டேன். போனை என்னிடம் நீட்டிவிட்டார். முதல் மாதம் 210 போட்டாகிவிட்டது.

மாடி அறையைப் பற்றி பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) விசாரித்தேன். 450க்கு மேல் யாரும் தருவதில்லையாம், அதுவும் ஏர்கான் இருந்தால்.