ரோஸ்டருக்கு நடுவே ஒரு பட்டம்

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் முடித்துவிட்டேன் என்று தெரிந்ததிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து இளைய தாதியர் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: "படிப்பு கஷ்டமா அக்கா?" படிப்பு கஷ்டமில்லை. ரோஸ்டர்தான், அதாவது வார்டில் யாருக்கு எந்த நாள் எந்த டியூட்டி என்கிற அட்டவணைதான் கஷ்டம். அதனால் பாடங்களைப் பற்றிக் கொஞ்சமாகவும் ரோஸ்டரைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இது தாதியாக ஆவதற்கான வழி இல்லை. தாதியர் கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமா முடித்து, பதிவும் எடுத்து, வேலையில் இருப்பவர் பட்டதாரி ஆவதற்கான வழி. தனியார் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து உதவியாளராக நிற்கிற தங்கச்சிமார் சிலர் இதை நம்பி விசாரிக்கிறார்கள். அவர்கள் வர்த்தமானியில் வரும் தாதியர் பயிற்சி விண்ணப்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கனடாவில் இருக்கிற என் மச்சாளின் கதை வேறு. அவள் அங்கே 'ப்ராக்டிகல் நர்ஸ்'. அதிலிருந்து பதிவு பெற்ற தாதியாக ஏறுவதற்கு அதபாஸ்கா பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வியாகவே ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. பாடங்களை வீட்டிலிருந்து படிக்கலாம், கிளினிக்கலுக்கு, அதாவது ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு நேரில் போக வேண்டும், கடைசியில் தாதியாகப் பதிவு பெறுவதற்கான என்கிளெக்ஸ் பரீட்சை. 1990களில் நம் திறந்த பல்கலைக்கழகம் தாதியியல் பட்டத்தைத் தொடங்கியபோது கைகொடுத்ததும் அதே அதபாஸ்காதான். இதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை.

இனி ரோஸ்டர். நமது ஷிப்ட் எல்லாருக்கும் தெரியும்: காலை ஏழிலிருந்து ஒரு மணி, ஒன்றிலிருந்து ஏழு, பிறகு இரவு ஏழிலிருந்து விடிய ஏழு. டே ஸ்கூல், அதாவது நேரில் போக வேண்டிய வகுப்பு, பெரும்பாலும் சனி, ஞாயிறில் வரும். வார்டில் எல்லாருக்கும் லீவு தேவைப்படுவதும் அந்த நாட்களில்தான். பதிவு செய்த கையோடு எங்கள் வார்ட் சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "படிக்கிறது நல்லதுதான் புள்ள. ஆனா வார்டில ஆள் குறையப்படாது" என்றார். அதில் தப்பில்லை. அவருக்கு இருப்பதே கொஞ்சப் பேர். அதற்குள் நான் வேறு சனிக்கிழமை இல்லையென்றால் அவர் யாரை நிறுத்துவார்?

ஆகவே டியூட்டி மாற்றுவதைக் கொடுக்கல் வாங்கலாகவே நடத்தினேன். சின்னக் கொப்பி ஒன்று யூனிபோம் பொக்கெட்டில் இருக்கும். இடது பக்கம் நான் கொடுக்க வேண்டியது, வலது பக்கம் எனக்கு வர வேண்டியது. யாருடைய நைட்டை நான் செய்தேன், யார் என் பின்னேர டியூட்டியை எடுத்தார், எல்லாம் திகதியோடு. முக்கியமானது, கேட்பதற்கு முன் கொடுத்து வைப்பது. எங்கள் வார்டில் பாதிப் பேர் முஸ்லிம் பிள்ளைகள். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் டியூட்டிகளை நானே கேட்டு வாங்கினேன். நோன்பு மாதத்தில் அவர்கள் நோன்பு திறக்கிற நேரத்துக்குப் பின்னேர ஷிப்டில் நான் நின்றேன். பரீட்சை வாரம் வந்தபோது யாரிடமும் போய்க் கெஞ்சவில்லை. அவர்களே ரோஸ்டரைப் பார்த்து, "மிஸ், உங்கட நைட்ட நான் எடுக்கிறன்" என்றார்கள்.

வீட்டில் அம்மா இருந்தது பெரிய பலம். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு என்பதால், கலியாணத்துக்குப் பிறகும் தாயோடுதான் இருக்கிறோம். பிள்ளைகளை அவர் பார்த்தார். நைட் முடித்து வந்து புத்தகத்தைத் திறந்தால் மட்டும், "நித்திர கொள்ளாம என்னகா படிப்பு?" என்று ஒரு சத்தம் வரும்.

பாடங்களில் உடற்கூறும் மருந்தியலும் நுண்ணுயிரியலும் டிப்ளோமாவில் தொட்டவைதான், இங்கே இன்னும் ஆழம். அச்சிட்ட பாடநூல் கையில் இருக்கும், அதைப் பஸ்ஸிலேயே வாசிக்கலாம். அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்பு வரும்வரை ஒரு பாடம் முடிந்துவிடும், இருக்கக் கிடைத்தால்.

என்னைத் திணறடித்தது ஒப்படை (அசைன்மென்ட்). அதுவும் மொழியால் இல்லை. ஆங்கிலத்தைத் தட்டித் தடவி எழுதிவிடலாம். ஆனால் வருடக்கணக்காக நோயாளியின் கட்டில் குறிப்பேட்டில் (BHT) எழுதிய கை இது. 'நோயாளி நலம், டிரெஸ்ஸிங் செய்யப்பட்டது, டொக்டருக்கு அறிவிக்கப்பட்டது' என்று மூன்று வரியில் ஓர் இரவை முடித்துப் பழகிய கை. ஒப்படையில் அந்த மூன்று வரிக்கும் காரணம் கேட்கிறார்கள். ஏன் அந்த நேரத்தில் டிரெஸ்ஸிங்? புண்ணைப் பார்த்து என்ன முடிவெடுத்தாய்? அதற்கு என்ன ஆதாரம்? முதல் ஒப்படைக்கு விரிவுரையாளர் ஓரத்தில் போட்ட குறிப்பு முழுக்க 'ஏன்?' என்ற ஒரே கேள்விதான். அதற்குப் பிறகு ஒரு வழி பிடித்தேன். டியூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, அன்று செய்த ஒரு வேலையை எடுத்து, ஏன் செய்தேன் என்று போனில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்வேன். வீட்டுக்கு வந்து அதை ஆங்கிலத்தில் எழுதினால் ஒப்படையின் பாதி தயார்.

ஒப்படைகளையும் இடைப் பரீட்சைகளையும் அலட்சியம் செய்ய வேண்டாம். அவற்றில் தேவையான புள்ளி இல்லையென்றால் இறுதிப் பரீட்சைக்கு இருக்கவே விடமாட்டார்கள். ஒரேயடியாக நிறையப் பாடங்களைப் பதிவு செய்து மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். பட்டம் ஒரு வருடம் பிந்தினால் யாரும் கேட்கப் போவதில்லை. பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கிற நாவலவுக்குப் போக வேண்டி வந்தால் இரவு ரயிலே நல்லது. யானைக்குப் பயந்து கல்ஓயாப் பக்கம் ஊர்ந்துதான் போகும், அந்த நேரம் தூங்கலாம்.

ஆய்வுக்குத் தலைப்பு எடுக்கும்போது கண்காணாத பெரிய விஷயங்களைத் தொடாதீர்கள். கிளினிக்கில் தினமும் பார்க்கிறதை எடுங்கள். நான் எடுத்தது நீரிழிவு நோயாளர் தங்கள் பாதங்களைப் பராமரிக்கும் விதம். வினாக்கொத்தில் 'தினமும் பாதங்களைக் கழுவித் துடைப்பீர்களா: எப்போதும், சில வேளை, ஒருபோதும் இல்லை' என்று அழகாகப் போட்டிருந்தேன். வினாக்கொத்தைச் சிலரிடம் முதலில் கேட்டுப் பார்க்கிற முன்னோட்டத்தில், முதலாவதாக இருந்த ஐயா சிரித்தார். "மிஸ், நான் வயலுக்குப் போறவன். நாளைக்கு எத்தின தரம் கழுவுறன் எண்டு எண்ணேலுமா?" கழுவுகிறார்தான். ஆனால் விரலிடுக்கைத் துடைப்பதில்லை. ஈரத்தோடு செருப்பைப் போடுகிறார். சேற்றுப்புண் அங்கேதான் இருந்தது. கேள்வியைக் கழுவுவது, துடைப்பது, விரலிடுக்கு என்று மூன்றாகப் பிரித்த பிறகுதான் பதில்கள் பதிலாக வந்தன.

அந்த ஐயாவிடம் கேள்வி கேட்பதற்கு முன்னால் எதிக்ஸ் கமிட்டியின் (ஆய்வு நெறிமுறைக் குழுவின்) அனுமதியும் ஆஸ்பத்திரிப் பணிப்பாளரின் கடிதமும் கையில் இருக்க வேண்டும். கமிட்டி கூடுகிற நாள் நம் அவசரத்தைப் பார்த்து வராது. வினாக்கொத்தில் ஒரு திருத்தம் சொன்னால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஆய்வுமுறைப் பாடம் படிக்கிற காலத்திலேயே தலைப்பை முடிவு செய்து, தமிழ் வினாக்கொத்தையும் சம்மதப் படிவத்தையும் எழுதி வைத்துவிடுங்கள்.