படத்தில் பாதி சளி

எட்டு மாதமாக வலது மூக்கு மட்டும் அடைத்திருந்தது. சைனஸ் என்று மாத்திரையையும் சொட்டு மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். காபித்தூள் டப்பாவைத் திறந்தாலும் வாசனை தெரியாது. ஒருநாள் அதே மூக்கிலிருந்து ரத்தம் வந்த பிறகுதான் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். அடைப்பும் ரத்தமும் ஒரே பக்கம் என்றதும் சிடி ஸ்கேன் எழுதிவிட்டார்.

சிடி ஐந்து நிமிட வேலை. படத்தில் மூக்கு, கன்னம், நெற்றி என்று வலது பக்கம் பூராவும் ஒரே சாம்பல். மூக்கின் கூரையில் சல்லடைபோல் துளைகள் கொண்ட மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. வாசனை நரம்புகள் அது வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. அது அரித்திருந்தது. பாதி முகமே கட்டிதான் என்று நினைத்து இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கட்டியில் சிறு துண்டு கிள்ளிச் சோதிக்கும் பயாப்சிக்கு முன்பே எம்ஆர்ஐ வேண்டும் என்றார்கள். மேலிருந்து மூளைத் திசுவே இறங்கியிருந்தாலும் மூக்கில் கட்டிபோலத் தெரியுமாம். தெரியாமல் கிள்ளிவிடக் கூடாது. சிறுநீரகம் சரியா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, படத்தைத் தெளிவாக்கும் மருந்து ஏற்றக் கையில் ஊசி குத்தி, முகத்துக்கு மேல் கூண்டு மாட்டினார்கள். சத்தத்தைவிட மூச்சுதான் பாடு. மூக்கு அடைத்தவன் வாயால் மூச்சுவிட்டால் தொண்டை வறளும். எச்சில் விழுங்கினால் படம் கலங்கும். ஒரு சுற்றை மறுபடி எடுத்தார்கள்.

ரேடியாலஜி மருத்துவர் திரையில் காட்டினார். கன்னத்திலும் நெற்றியிலும் வெள்ளை வெளேரென்று இருந்தது தேங்கிய சளி. மருந்து ஏறியதும் ஓரம் மட்டும் மின்னியது. கட்டியோ முழுசாக மின்னியது. அது மூக்கின் மேல்பகுதியில் மட்டும் இருந்தது; அரித்த எலும்பில் இடுப்பு ஒடுங்கி, டம்பெல்போல ஒரு முனை மூளைப்பக்கம் நீட்டியிருந்தது. பயமான செய்திதான், ஆனாலும் அன்றைக்குத்தான் சாப்பிட்டேன்.

பயாப்சியில் ஆல்ஃபாக்டரி நியூரோபிளாஸ்டோமா என்று வந்தது. வாசனை நரம்புத் திசுவில் தொடங்கும் இது, 1924இலேயே விவரிக்கப்பட்டும் இன்னும் அரிதான புற்றுநோய். மூக்கையும் சைனஸையும் தாண்டிவிட்டதால் நோய் எதுவரை போயிருக்கிறது என்று பிரிக்கும் கடிஷ் வகைப்பாட்டில் சி. கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க பெட் ஸ்கேன்: ஆறு மணிநேரம் வெறும் வயிறு, ஊசிக்குப் பிறகு ஒரு மணிநேரம் பேசாமல் உட்கார வேண்டும். நல்லவேளை, எங்கும் இல்லை.

அறுவை சிகிச்சை மருத்துவர் கேட்டது ரிப்போர்ட்டை அல்ல, சிடி ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தட்டை. முதலில் எடுத்த இடத்தில் ஃபிலிம் மட்டுமே தந்திருந்தார்கள். மூன்று நடை நடந்து வாங்கினேன். அறுவை, கதிர்வீச்சு எல்லாம் முடிந்துவிட்டது. இது வருடங்கள் கழித்தும் திரும்பக்கூடியதாம். ஒவ்வொரு எம்ஆர்ஐக்கும் பழைய தட்டுகள் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறேன்.