காற்றாடிமலைக்குக் கொண்டுபோன சொல்

போன வருடம் டிசம்பர் 31 இரவு, நன்றி வழிபாடு முடிந்ததும் எங்கள் அன்பியத்தில், அதாவது பங்கின் அக்கம்பக்கத்துச் செபக்குழுவில், ஒரு ஓலைப்பெட்டியைச் சுற்றிவிட்டார்கள். உள்ளே மடித்த சீட்டுகள். வழக்கமாக ஆளுக்கொரு வசனம் வரும். இந்தமுறை ஒவ்வொரு சீட்டிலும் ஒரே ஒரு சொல். வருடம் முழுக்க அந்தச் சொல்லோடு இருக்க வேண்டும், பிடிக்கவில்லை என்று மாற்றக் கூடாது. அவ்வளவுதான் ஏற்பாடு.

எனக்கு 'அமைதி' வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அம்மா பக்கவாதத்தில் படுத்து அப்போது நான்கு மாதம். சீட்டைப் பிரித்தால் 'சகாயம்'.

எங்கள் களியக்காவிளைப் பக்கம் சகாயம் என்றால் முதலில் ஒரு ஆளின் பெயர்தான் நினைவுக்கு வரும். தெருவுக்கு ஒரு சகாயராஜோ சகாயமேரியோ இருப்பார்கள். இடைவிடா சகாய அன்னையின் படம் எங்கள் வீட்டு முன்னறையிலேயே மாட்டியிருக்கிறது. சந்தையில் மீன்காரம்மா, "வா மக்கா, சகாய விலைக்குத் தாரேன்" என்பார். எல்லை தாண்டிப் பாறசாலைக்குப் போனால் மலையாளத்திலும் அதே சொல். இவ்வளவு புழங்கித் தேய்ந்த சொல்லில் தியானிக்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனால் இது புதுப் பழக்கமில்லை. எகிப்தின் பாலைவனத் துறவிகளிடம் இளையவர்கள் போய், "அப்பா, எனக்கு ஒரு சொல் தாரும்" என்று கேட்பார்கள். கிடைத்ததை வருடக்கணக்கில் வாழ்ந்து பார்ப்பார்கள். அந்தத் துறவிகளோடு தங்கியிருந்த யோவான் காசியான், நாள் முழுக்கச் சொல்லச் சொல்லி அவர்கள் கற்றுக்கொடுத்த ஒரே வரியை எழுதிவைத்திருக்கிறார். சங்கீதம் 70-இன் முதல் வசனம் அது. எங்கள் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் அந்த இடத்தில் வேறு சொல் இருக்கும். என் மைனி, அதாவது அண்ணி, சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தன் பழைய வேதாகமத்தைத் திறந்து காட்டினார்: "கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." என் சீட்டில் இருந்த சொல், 1,600 வருடத்துக்கு முன்பே ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போய்க்கொண்டிருந்த வரியில்! அன்றைக்குத்தான் அந்தச் சீட்டைச் செபப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

காலையில் அம்மாவின் உடம்பைத் துடைத்துவிடும்போது அந்தச் சொல்லை மூச்சோடு சேர்த்துச் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டில் நாலு வரி. பிப்ரவரி, மார்ச் எல்லாம் எடுத்துப் பார்த்தால் கேட்பதுதான் இருக்கிறது. அம்மாவை எழுப்பிவிடும், கடனை அடைக்க வழிகாட்டும், எனக்கு இராத்திரி தூக்கம் தாரும். ஆகஸ்டில் அம்மா போய்விட்டார். அப்புறம் நோட்டில் ஒன்றுமில்லை. சொல்லை மாற்றக் கூடாது என்றார்கள், நானும் மாற்றவில்லை. வாய்திறந்து சொல்லவும் இல்லை.

டிசம்பரில் மைனிதான் ஞாபகப்படுத்தினார். "மாமிக்கு தேவசகாயம் மலைக்கு ஒரு நேர்ச்சை இருக்கு பிள்ளே, வருசம் முடியதுக்குள்ள போயிட்டு வந்திருவோம்." சரி என்று ஒரு சனிக்கிழமை விடியற்காலை பஸ் ஏறினோம்.

முதலில் புலியூர்க்குறிச்சி. தக்கலை தாண்டி, உதயகிரிக் கோட்டைக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டோரமே. விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனிதர் தேவசகாயம், கைவிலங்கோடு தாகத்தில் தவித்தபோது முழங்கையால் இடிக்க, தண்ணீர் வந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை இங்கேதான் இருக்கிறது. உள்ளங்கையில் ஏந்திக் குடித்தேன். அந்தக் கோட்டைக்குள்தான் டிலனாயின் கல்லறையும் இருக்கிறது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி அவர். நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை அரண்மனைப் பணியில் இருந்துகொண்டு, வீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இழப்பு வந்து மனசொடிந்திருந்த நேரத்தில், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையை அவருக்குச் சொன்னவர் இந்த டிலனாய்தான். 1745 மே 14-ஆம் தேதி திருவிதாங்கூர் எல்லைக்கு அந்தப்பக்கம் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். வைத்த பெயர் லாசர். எபிரேயத்தில் அதன் பொருள் 'கடவுள் உதவினார்'. அதைத்தான் தமிழில் தேவசகாயம் என்றார்கள்.

சின்ன வயசிலிருந்து கேட்ட பெயர். அதற்குள் என் சொல் உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்கு பஸ்ஸில் போகும்போதுதான் உறைத்தது. கூடவே ஒரு கோபமும் வந்தது. 'கடவுள் உதவினார்' என்று பெயர் வைத்துக்கொண்டவரை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அடித்தார்கள். 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில், இப்போது தேவசகாயம் மலை என்கிறோமே அங்கே, சுட்டுக் கொன்றார்கள். இதில் எங்கே இருக்கிறது சகாயம்? அம்மாவுக்கு எங்கே வந்தது?

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில், அவருடைய கல்லறைக்கு முன்னால் முழங்காலில் நின்றும் இதையேதான் கேட்டேன். 2022 மே 15-ஆம் தேதி ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோது 'பிள்ளை' என்பதை எடுத்துவிட்டு, தேவசகாயம் என்று மட்டும் அழைத்தார்கள். எல்லாரும் சமம் என்று சொன்ன மனிதருக்கு அதுதான் சரி. வைத்த பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வெளியே வந்து சாயா குடிக்கும்போது மைனி தன் போக்கில் பேசிக்கொண்டிருந்தார். பெருவிளையில் தேவசகாயத்தை ஒரு வேப்பமரத்தில் கட்டிப்போட்டிருந்தார்களாம். வெயிலிலும் மழையிலும் அங்கேயேதான். பார்க்கிறவர்கள் பரிதாபப்பட்டுப் போகாமல், பக்கத்தில் வந்து, "எனக்காகச் செபியும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நோயாளிகள் வந்தார்கள், பிள்ளையில்லாதவர்கள் வந்தார்கள். கூட்டம் கூடக் கூட அரண்மனைக்காரர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"கட்டிப்போட்ட ஆள்ட்ட போய் ஒதவி கேட்டிருக்காவ பாரு," என்றார் மைனி.

சாயா கிளாஸ் என் கையிலேயே இருந்தது.

அம்மாவுக்கு வலதுபக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு குழறும். அசைந்தது இடதுகை மட்டும். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள், வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற பையன், எதிர்வீட்டு மருமகள் என்று யாராவது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிவார்கள். அம்மா இடதுகையை மெல்லத் தூக்கி, பெருவிரலால் நெற்றியில் சிலுவை போடுவார். பாதி நேரம் அது கோணலாகப் புருவத்தில் போய் முடியும். ஒரு பெண் மறுபடியும் வந்து, "இன்னும் ஒருக்க போடுங்க ஆச்சி" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வருகிறவர்களுக்கெல்லாம் சாயா போட்டு எனக்கு அலுத்துப்போனது. நோட்டில் "இன்றைக்கும் ஆட்கள்" என்று எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே அதே பக்கத்தில், "ஆண்டவரே, சகாயம் எப்போது வரும்?"

ஆரல்வாய்மொழியில் இறங்கும்போது மணி மூன்று. கணவாய்க் காற்று முந்தானையைப் பிடித்து இழுத்தது, தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வியாகுல மாதா ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, பாறைகளுக்கிடையே மேலே போனோம். மைனி மூச்சுவாங்க எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கேட்டால், சங்கீதம் 121: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." ஒத்தாசை, துணை, உதவி, சகாயம். நான்கு மாதத்துக்குப் பிறகு நானும் வாய்விட்டுச் சொன்னேன்.

மணியடிச்சான் பாறைக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவரைச் சுட்டபோது உருண்டு விழுந்து மணிபோல ஒலித்த பாறை என்பார்கள். கல்லால் தட்டினால் இப்போதும் ஒலிக்கும். பலர் தட்டித் தட்டி வெளுத்துப்போன குழிகள் அதில் இருந்தன. ஒரு கூழாங்கல்லை எடுத்து ஒன்றில் தட்டினேன். வெண்கலத்தில் தட்டியதுபோல ணங்கென்று கேட்டது, சத்தம் கொஞ்சநேரம் விரலில் நின்றது.

"இன்னொருக்க அடி பிள்ளே, மாமிக்கு," என்றார் மைனி.

கல்லை இடதுகைக்கு மாற்றிக்கொண்டேன்.